வெள்ளி-24-இறுதி-சரிபார்த்தது

வீட்டில் அவனுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தவர் அக்காவின் கணவர். மருத்துவமனைக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்ப்பது அவன் வேலை. பெட்டிக்குள் கைவிட்டு இருபதுக்கு ஒன்றாகச் சக்கரத்தை எடுப்பான். வெர்னியர் அளவுகோலில் விட்டம் பார்ப்பான், பிரேக்கை அழுத்திப் பார்ப்பான், தாளில் குறிப்பான். குறித்த பிறகு சந்தேகம் வந்து அதே சக்கரத்தை மறுபடியும் எடுப்பான். அக்கா வீட்டுக்கு வந்த முதல் நாளே, தான் படுக்கப்போகும் சோபாவையும் அளந்துவிட்டான். அவனைவிட அது பதினொரு சென்டிமீட்டர் குட்டை.

"அந்தப் பதினொரு சென்டிமீட்டரை வெளியில வச்சுக்கோ, மாப்ள. அதுக்கு நான் வாடகை கேட்க மாட்டேன்" என்றார் மாமா.

எட்டு மாதமாகக் கால்களைக் கைப்பிடிக்கு அப்பால் தொங்கவிட்டுத் தூங்கியவனுக்கு இப்போது ஓர் அறை கிடைக்கும்போல் இருந்தது. அச்சகத்துக்கு மேல்மாடி. ஒரு ஜன்னல், ஒரு குழாய், நீட்டிப் படுத்தாலும் தலைமாட்டில் ஒரு சாண் மிஞ்சும் கட்டில். கட்டிலை அவன் அளந்ததை வீட்டுக்காரம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பானவர். மாதச் சம்பளம் வாடகையைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும், அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும், மாதக் கடைசிவரை அறையை வேறு யாருக்கும் தர மாட்டேன், அதற்கு மேல் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

அவனுக்கு மணிக்கு நூறு சம்பளம். கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தான். நூற்றெட்டு என்றால் வாடகையின் மூன்று மடங்கு சரியாக வந்தது. நூற்றேழு என்றால் சோபாதான்.

அவன் தொழிற்சாலையின் ஆள் இல்லை. ஓர் ஏஜென்சி அவனை அங்கே அனுப்பியிருந்தது. சம்பளம் தருவது ஏஜென்சி. அவனுக்காக ஏஜென்சிக்குப் பணம் தருவது தொழிற்சாலை. ஆறு மாத ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கும் தாள் இரண்டு வாரத்தில் வரும். கேட்பதாக இருந்தால் அதற்குள் எட்டு கூடுதலாகக் கேட்க வேண்டும். ஆனால் இல்லாத இடத்தில் போய்க் கேட்டால் என்ன ஆவது? எட்டுக்கு அங்கே இடம் இருக்கிறதா என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

டீ இடைவேளையில், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர்தான் அந்தக் கேள்வியை அவன் தலையில் ஏற்றிவிட்டார். அவரும் அதே ஏஜென்சியின் ஆள்.

"உனக்கு நூறு கொடுக்க அவங்க கம்பெனிகிட்ட எவ்வளவு வாங்குறாங்கன்னு கேட்டியா?"

"அதெல்லாம் கேட்கலாமாண்ணே?"

"கேட்டா என்ன, கடிச்சா வச்சுடுவாங்க?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார். "லோடு நிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். லோடு எதுவும் நிற்கவில்லை. அவன் எட்டிப் பார்த்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தை வீட்டில் சொன்னான். மாமா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவர். நியாயம் என்று வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவார்.

"கேளு மாப்ள. உழைக்கிறது நீ. குனிஞ்சு நிமிர்ந்து சக்கரத்தைப் பார்க்கிறது நீ. உன் பேர்ல எவ்வளவு வாங்குறாங்கன்னு உனக்குத் தெரியாம இருக்கலாமா? மறைக்கிறான்னா அதுல ஏதோ இருக்கு."

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களைத் திறக்க வைப்பதே நாள் முழுக்க அவள் வேலை. அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "ஏங்க, பெயிண்ட் டப்பாவுக்கு நீங்க எவ்வளவு மேல வைக்கிறீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

"டப்பாவை நான் தூக்கிட்டுப் போறேன்ல. அது கடையிலிருந்து தானா நடந்தா வருது?"

"அப்ப ஏஜென்சிக்காரங்க இவனைத் தூக்கிட்டுப் போறாங்கன்னு வச்சுக்கோங்க."

மாமா தட்டை மறுபடியும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும் என்பதில் மூவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் ஒன்பது நாள் போனது.

மில்லிமீட்டர் அந்தக் கேள்வியை மடிக்கணினியில் ஏழு விதமாக எழுதினான். அக்கா சிவப்பு எழுத்தில் திருத்தினாள். தனக்கும் ஒரு நிறம் வேண்டும் என்று மாமா நீலத்தை எடுத்துக்கொண்டார்.

முதல் கேள்வி பதினான்கு வரி ஓடியது. அதன் கீழே சிவப்பில், 'நலம் விசாரிப்பு முடிஞ்சு கேள்வி எப்ப வரும்?' என்று இருந்தது. மூன்றாவதின் கீழே, 'இது கேட்கிற மாதிரி இல்ல, மன்னிப்பு கேட்கிற மாதிரி இருக்கு.' நான்காவது முழுக்க மாமாவுடையது, நீலத்தில்: 'என்னை வைத்து நீங்கள் சாப்பிடும் சாப்பாட்டில் எனக்கு எத்தனை கவளம்?' அதற்கும் சிவப்பில் பதில் இருந்தது: 'இதை அனுப்பினா சோபா நிரந்தரம்.'

ஏழாவது ஒழுங்காக வந்தது. 'எனக்கு நீங்கள் தரும் சம்பளத்துக்கு மேல் தொழிற்சாலையிடம் எத்தனை சதவீதம் பெறுகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். புதுப்பிக்கும்போது எனக்கு மணிக்கு நூற்றெட்டு வேண்டும்.' அக்கா அதன் பக்கத்தில் ஒரு டிக் மட்டும் போட்டாள்.

அவன் அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவன் மில்லிமீட்டர் இல்லை. பக்கத்தின் அடியில் தன் வழிகாட்டுதலுக்கென்று ஓர் அட்டவணை போட்டான். ஏஜென்சியின் பங்கு பதினைந்து சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒன்றும் கேட்கக் கூடாது. பதினைந்திலிருந்து இருபத்தைந்து என்றால் நான்கு கேட்கலாம். அதற்கு மேல் என்றால் எட்டு. அதற்கும் கீழே, நேர்மையாக இருந்துவிடலாமே என்று, ஒரு வரி: 'ஒன்றும் தர முடியாது என்று சொல்லிவிட்டால் நூறுக்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.'

கேள்வியை வெள்ளிக்கிழமை அனுப்புவதாகத் திட்டம். ஆகவே கோப்புக்கு 'வெள்ளி-24-இறுதி' என்று பெயர் வைத்தான். இருபத்துநான்காவது வாரம். அக்கா திருத்தியதும் 'சரிபார்த்தது' என்று சேர்த்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் வேலை பார்த்த மணிகளை எழுதி டைம்ஷீட் அனுப்ப வேண்டும். அது தொழிற்சாலை சூப்பர்வைசருக்குப் போகும், ஏஜென்சிக்கும் ஒரு பிரதி போகும். அவர் ஏஜென்சிக்கும் சேர்த்து 'சரிபார்த்தேன். ஒப்புதல்' என்று பதில் போட்டால்தான் சம்பளம் வரும். ஆறு மாதமாக அந்த டைம்ஷீட்டுக்கும் அவன் வைத்துவந்த பெயர் வெள்ளி, வார எண், இறுதி.

வெள்ளிக்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு டைம்ஷீட்டை இரண்டு முறை சரிபார்த்தான். சரிபார்த்ததைத்தானே அனுப்ப வேண்டும் என்று, சரிபார்த்தது என்று பெயர் இருந்ததை இணைத்தான். அவன் வைத்திருந்த ஒழுங்கில் அது முற்றிலும் சரி. எதையும் ஒழுங்காக வைக்காத ஒருவன் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது.

நாலு நாற்பத்தொன்றுக்குச் சூப்பர்வைசரிடமிருந்து பதில் வந்தது. 'சரிபார்த்தேன். ஒப்புதல்.'

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அக்கா கேட்டாள். "அனுப்பிட்டியா?"

"டைம்ஷீட் அனுப்பிட்டேன். கேள்வியை இன்னும் ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பலாம்னு..."

"காட்டு."

காட்டினான். மெயிலோடு போயிருந்த கோப்பை அக்கா பார்த்தாள். பிறகு அவன் பார்த்தான். ஏஜென்சிக்கு ஒரு பிரதி போயிருந்தது, சூப்பர்வைசருக்கு ஒரு பிரதி. சிவப்பு, நீலம், கவளம், அட்டவணை, கடைசி வரி எல்லாம் சேர்ந்து.

மாமா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என் நீலமும் போயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மில்லிமீட்டர் சோபாவில் உட்கார்ந்தான். உண்மையான டைம்ஷீட்டை இணைத்து, 'தவறுதலாக வேறு கோப்பு வந்துவிட்டது. தயவுசெய்து முந்தையதைத் திறக்க வேண்டாம்' என்று எழுதி இருவருக்கும் அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் அக்காவிடம் காட்டினான்.

"நல்ல வேலை பண்ணினே. இதுவரைக்கும் திறந்திருக்க மாட்டாங்க. இனிமே திறப்பாங்க."

அவன் பதில் சொல்வதற்குள் கணினி சிணுங்கியது. சூப்பர்வைசர். 'சரிபார்த்தேன். ஒப்புதல்.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். "டேய், திறக்காதேன்னு நீ சொன்னதுக்கும் ஒப்புதல் குடுத்திருக்கார். இந்த மனுஷன் எதையுமே படிக்கிறதில்ல."

"அப்ப அவரால ஆபத்து இல்ல" என்றார் மாமா. "அந்த ஏஜென்சி அம்மா?"

ஏஜென்சியில் அவன் கணக்கைப் பார்க்கும் அந்த அம்மா படிப்பார். டைம்ஷீட்டில் அவன் ஒரு முறை செவ்வாயை எட்டரை மணி நேரம் என்று எழுதப்போக, அதில் கூடியிருந்த கால் மணி நேரத்தைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டவர் அவர்.

சனியும் ஞாயிறும் யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவனை மிகவும் பயமுறுத்தியது. ஞாயிறு மாலை மாமா தானாகவே சோபாவுக்கு ஒரு தலையணை அதிகமாகக் கொண்டுவந்து வைத்தார். இனி இங்கேதான் என்று வீடே முடிவு செய்துவிட்டதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குச் சக்கரம் அளந்துகொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. ஏஜென்சி மேடம். அவன் வெர்னியரைக் கையில் பிடித்தபடியே பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றான்.

"தம்பி, உங்க வீட்டில நீலக் கலர் யாரு?"

"மாமா, மேடம்."

"எத்தனை கவளம்னு கேட்டிருக்கார். நான் இன்னும் காலைச் சாப்பாடே சாப்பிடலைன்னு சொல்லுங்க."

"மேடம், அது தெரியாம வந்துடுச்சு. நீங்க..."

"முப்பத்தொண்ணு" என்றார்.

"என்ன மேடம்?"

"நீங்க கேட்டதுக்குப் பதில். உங்களுக்கு நூறு, அவங்ககிட்ட வாங்குறது நூத்தி முப்பத்தொண்ணு. உங்க இன்சூரன்ஸ் அதுல போகுது, நீங்க லீவு எடுக்கிற நாளுக்குச் சம்பளம் போகுது. உங்களுக்கு வாராவாரம் தர்றோம், அவங்க எங்களுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தருவாங்க, அதுக்கு வட்டி போகுது. மிஞ்சுறது பதினொண்ணு. நான், என் நாற்காலி, இந்த ஃபோன் எல்லாம் அந்தப் பதினொண்ணுக்குள்ளதான்."

 ஏழு விதமாக எழுதிய கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் வந்ததும் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நிஜமாவா, மேடம்?"

"சந்தேகமா இருந்தா வெர்னியரைக் கொண்டு வாங்க. அளந்து பார்த்துக்கலாம்."

அவன் வெர்னியரைச் சட்டைப் பையில் போட்டான். "இதை எல்லாருக்கும் சொல்வீங்களா?"

"கேட்கிறவங்களுக்குச் சொல்வேன். எங்க ஆபீஸ்லயே எதிர் மேஜைக்காரர் சொல்ல மாட்டார். அங்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர் அவர் கணக்குலதான் வர்றார்." பக்கத்தில் யாரோ இருமினார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏழு தடவை எழுதியிருக்கீங்க, தம்பி. ஒரு நிமிஷம் ஃபோன் பண்ணியிருக்கலாம்."

"பயமா இருந்துச்சு, மேடம்."

"அது தெரிஞ்சுது. கடைசி வரியையும் படிச்சேன்."

அவனுக்குக் காது சூடானது.

"நூறுக்கே கையெழுத்துன்னு எழுதியிருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, நீங்க என் நாற்காலியில இருந்தா எவ்வளவு தருவீங்க?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அவன் ஒரு முறை யோசித்துப் பார்த்தான், இன்னொரு முறையும் பார்த்தான், விடை மாறவில்லை. "நூறு" என்றான்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஒன்பது மணிக்கு நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒன்பதேகாலுக்குத்தான் அந்த மெயில் மேல என்ன இருக்குன்னு பார்த்தேன். 'சரிபார்த்தேன். ஒப்புதல்.' ஏழாவது கேள்வியில என்ன இருக்கு? மணிக்கு நூற்றெட்டு வேணும்னு இருக்கு. உங்க சூப்பர்வைசர் எழுத்தில ஒப்புதல் கொடுத்திருக்கார். வாடிக்கையாளர் ஒப்புக்கிட்டா நான் ஏன் வேண்டாம்னு சொல்லணும்?"

"அவர் படிக்காம..."

"தம்பி, அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

மூன்று மணிக்குச் சூப்பர்வைசர் அறைக்குள் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு, ஒரு மேஜை, மேஜையில் பிரேக் உடைந்த பழைய சக்கரம் ஒன்று தாள்களுக்குப் பாரமாக. திரையில் சிவப்பும் நீலமும் தெரிந்தன. முகத்தைப் பார்த்தால், ஏஜென்சியிலிருந்து ஃபோன் வந்த பிறகு இப்போதுதான் முதல் தடவை படித்திருக்கிறார் என்று தெரிந்தது.

"நீ அனுப்பினதைப் படிச்சேன்" என்றார்.

"எப்ப சார்?" வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

சூப்பர்வைசர் அந்தச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமைதான். படிக்காம நான் எதுக்கும் ஒப்புதல் போடுறதில்ல."

"ஆமா சார்."

"ஆறு மாசமா ஒவ்வொரு வாரமும் படிச்சுத்தான் போட்டிருக்கேன்."

"ஆமா சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நீ வர்றதுக்கு முன்னாடி மாசம் நாற்பது கட்டில் சக்கரம் சரியில்லைன்னு திரும்பி வரும். போன மாசம் ஆறு. மேல கேட்டா அதைச் சொல்லிக்கிறேன். அதனாலதான் ஏத்திக் கொடுத்தேன்னு சொல்லிக்கிறேன். இந்த மெயில் மேல போக வேண்டாம். புரியுதா?"

"புரியுது சார்."

"அந்தச் சிவப்பு யாரு?"

"அக்கா சார்."

"அவங்க வேலை எதுவும் தேடுறாங்களா?"

"இல்ல சார்."

"நல்லதாப் போச்சு" என்று பெருமூச்சு விட்டார்.

தாள் வியாழக்கிழமை வந்தது. மணிக்கு நூற்றெட்டு, ஆறு மாதம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஏஜென்சிக்கு ஃபோன் செய்தான். இந்த முறை எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

"மேடம், எனக்கு எட்டு ஏறினா உங்களுக்கும் முப்பத்தொண்ணு சதவீதப்படி கிட்டத்தட்ட ரெண்டரை ஏறுதே."

"ஆமா."

"நான் கேட்டதுக்கு உங்களுக்கும் கிடைக்குது."

"அதுக்குத்தான் நாலு நாளா உங்களை வாழ்த்திட்டு இருக்கேன். மறுபடியும் எப்ப வேணும்னாலும் கேளுங்க, தம்பி."

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. வீட்டுக்காரம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றால் வகுத்துப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை டைம்ஷீட்டுக்கு 'மணிகள்' என்று மட்டும் பெயர் வைத்து அனுப்பியிருந்தான். ஒரு நிமிடத்தில் வர வேண்டிய பதில் வரவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. 'புதன்கிழமை காலை 7.50-க்கு வந்ததாக எழுதியிருக்கிறாய். நான் பார்த்தபோது 7.54. விளக்கவும்.' அந்தத் துறையில் வெளி ஆட்கள் பதினேழு பேர். பதினேழு பேருக்கும் அந்த வாரம் விளக்கம் கேட்டு மெயில் போயிருந்தது. ஃபோர்க்லிஃப்ட்காரர் டீ குடிக்கும்போது அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க கேட்டுட்டீங்களா? உங்க பேர்ல எவ்வளவு வாங்குறாங்கன்னு?"

"முதல்ல இந்த நாலு நிமிஷத்துக்கு என்ன பதில்னு சொல்லு" என்றார் அவர்.

புது அறையின் சுவர் மங்கலாக இருந்தது. நானே வந்து அடித்துத் தருகிறேன் என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை உருளையும் ஏணியுமாக வந்து மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். கூலி பேசக் கூடாது என்று அடம்பிடித்தார். பெயிண்ட் டப்பா விலையை மட்டும் கொடு போதும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அக்கா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மில்லிமீட்டர் தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு மூலையில் கிடந்த காலி டப்பாவைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த கடை விலைச் சீட்டைப் பார்த்தான். மறுபடியும் தாளைப் பார்த்தான்.

மாமாவின் கையில் உருளை அப்படியே நின்றது. "அது... கை பழக்கத்துல எழுதிட்டேன், மாப்ள."

"எவ்வளவுடா?" என்றாள் அக்கா, ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

அவன் மனக்கணக்காகப் போட்டான். சந்தேகம் வந்து இன்னொரு முறையும் போட்டான்.

"பன்னிரண்டு சதவீதம்க்கா. பரவாயில்ல, ஏஜென்சியோட முப்பத்தொண்ணைவிடக் கம்மிதான்."